அந்தக் கூட்டுக்குள் வந்த மூன்றாவது மீன்

அன்புள்ள அண்ணா,

போன சனிக்கிழமை இங்கே கனடாவின் ஒபினிகான் ஏரியில் மீன் பிடிக்கும்போது நீங்கள் கேட்டதற்கு அங்கேயே பதில் சொல்லியிருக்க வேண்டும். இருட்டுவதற்குள் படகைக் கரையேற்றும் அவசரத்தில் விட்டுவிட்டேன். ஆனால் வாரம் முழுக்க அதுவேதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலில் அந்தப் பெரிய புளூகில் மீன். உங்கள் ஃப்ளை, அதுதான் பூச்சி மாதிரிக் கட்டிய தூண்டில் முள், கூட்டுக்குள் மெதுவாக இறங்கியதும் வந்து கவ்வியது, விழுங்கவில்லை, இழுத்துக்கொண்டு ஓடவும் இல்லை, இரண்டு சாண் தள்ளிக் கொண்டுபோய்த் துப்பிவிட்டுத் திரும்பியது. பசியில்லாத மீன் ஏன் கவ்வுகிறது என்று கேட்டீர்கள். அது சாப்பிட வரவில்லை அண்ணா, வீட்டைக் கூட்டிக்கொண்டிருந்தது என்றுதான் எனக்குப் படுகிறது. காவல் காக்கிற நாட்களில் ஆண் மீன் சரியாகச் சாப்பிடுவதே இல்லை. வாலால் அடித்து அடித்துத் தட்டு மாதிரிக் குழி பறித்துக் கூடு போடுவதும் அதுதான், முட்டைக்கு மேல் நின்று துடுப்பால் விசிறி நல்ல தண்ணீரை ஓடவிடுவதும் அதுதான். முட்டை பொரிய இரண்டு மூன்று நாள், அப்புறம் குஞ்சுகள் நீந்திப் போகும்வரை இன்னும் சில நாள், அதுவரை அந்த இடத்தை விட்டு நகராது.

சரி, இப்போது அந்த மூன்றாவது மீன். செம்பு நிற நெஞ்சோடு ஆண் ஒன்று, கூடவே பெண் ஒன்று, இரண்டும் கூட்டுக்குள் வட்டம் போட்டுக்கொண்டிருந்தபோது, வெளிறிய உடம்பில் கருப்புப் பட்டைகளோடு இன்னொன்று, அவசரமே இல்லாமல், மேலிருந்து இறங்கி இரண்டுக்கும் நடுவில் நுழைந்ததே, அதைப் பார்த்து "பாரு, இவனுக்கு ரெண்டு பெண்" என்றீர்கள். அது பெண்ணாக இல்லாமல் ஆணாக இருந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

இதைக் கண்டுபிடித்ததே நாம் நின்ற அந்த ஏரியில்தான் என்பது எனக்கு இன்னும் சிலிர்ப்பாக இருக்கிறது. குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் உயிரியல் நிலையம் அதன் கரையில்தானே இருக்கிறது. மார்ட் கிராஸ் என்ற உயிரியலாளர் அங்கே புளூகில்களைப் பார்த்துப் பார்த்து, ஆண்களுக்கு இரண்டு வாழ்க்கைப் பாதை உண்டு என்று காட்டினார், எரிக் சார்னோவுடன் சேர்ந்து 1980-இல் அதை வெளியிட்டார். கூடு கட்டிக் காவல் காக்கும் ஆண் பருவத்துக்கு வர சுமார் 7 வயதாகும். இன்னொரு வகை 2 வயதிலேயே தயார். களைச்செடிக்குள் ஒளிந்திருந்து, ஜோடி முட்டையிடும் நொடியில் பாய்ந்து விந்தைக் கொட்டிவிட்டு ஓடிவிடும். வளர்ந்து 4, 5 வயதாகும்போது ஒளிய முடியாத அளவுக்குப் பெரிதாகிவிடுவதால், பெண்ணின் நிறத்தையும் நடையையும் போட்டுக்கொண்டு நேராகவே உள்ளே வரும். காவல்காரனும் விடுகிறான். இவை கடைசிவரை கூடு கட்டுவதும் இல்லை, குஞ்சு காப்பதும் இல்லை.

காவல்கார ஆண் ஒன்றும் தெரியாத அப்பாவி என்று நினைத்துவிடாதீர்கள். பிரையன் நெஃப் என்ற இன்னொரு உயிரியலாளர் 2003-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். முட்டையிடும் நேரத்தில், ஒளிந்து பாய்கிற சின்ன ஆண்களைத் தெரிகிற மாதிரி பாத்திரத்தில் போட்டுக் கூட்டுப் பக்கத்தில் வைத்தார். அவற்றைப் பார்த்த தகப்பன்கள் முட்டைகளை அக்கறை குறைவாகவே காத்தன. குஞ்சு பொரிந்த பிறகு, வாசனையை வைத்துத் தன் பிள்ளைகள்தான் என்று தெரிந்ததும் காவல் மறுபடி கூடியது.

இவ்வளவையும் எழுதுவது ஒன்றைக் கேட்கத்தான். நீங்கள் அந்தப் பெரியதைப் பிடித்துப் படத்துக்குத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தபோது நான் உங்களைப் பார்க்கவில்லை, தண்ணீரைத்தான் பார்த்தேன். காவல் போன கூட்டுக்குள் மூன்று சின்ன மீன்கள், தலை கீழே, வால் மேலே, கொத்திக்கொண்டிருந்தன. நீங்கள் விட்டதும் அது நேராகத் திரும்பி வந்து துரத்தியது, ஆனால் அதற்குள் எவ்வளவு போயிற்றோ. வாளியில் போட்ட மற்ற இரண்டின் கூடுகளுக்கு யாருமே வரவில்லை. இன்னொன்றும் உண்டு. பெரிய ஆண்களை எடுத்துக்கொண்டே இருந்தால், இளசுகள் வளர்வதை நிறுத்திச் சீக்கிரமே பருவத்துக்கு வந்துவிடுகின்றன, கையளவு மீன் விரலளவு ஆகிவிடுகிறது. இங்கே பெரிதே கிடைப்பதில்லை என்று நாம் புலம்புகிற ஏரிகளில் பலவற்றுக்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கூடுகளை விட்டுவிடுவோம் அண்ணா. களைச்செடி முடிந்து ஆழம் தொடங்குகிற இடத்தில் வீசுவோம், அங்கேயும் புளூகில் உண்டு, உங்கள் ரப்பர் கால் சிலந்தி ஃப்ளையை அவை விடாது. ஜூலை வரைக்கும் புதுசு புதுசாகக் கூடு போடும், அதனால் வருகிற சனிக்கிழமை அந்தப் பக்கம் தூண்டில் இல்லாமல் அரைமணி நேரம் படகை நிறுத்திப் பார்க்கலாம். தண்ணீரின் பளபளப்பை மறைக்கிற போலராய்டு கண்ணாடியை மறக்காமல் எடுத்து வாருங்கள், என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் தம்பி