தும்பை விட்டு வாலைப் பிடிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு அறிவியல் பக்கத்தில், உடம்புக்குள்ளேயே இருக்கும் வைரஸ் எதிர்ப்புப் புரதங்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். தமிழில் இப்படி ஒன்றைப் படிப்பதே சந்தோஷம். ஆனால் டெதரின் புரதம் 'எச்.ஐ.வி.யைக் கொல்கிறது' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அது கொல்வதில்லை, கட்டிப் போடுகிறது. பெயரே அதுதான், டெதர் என்றால் நம் ஊரில் மாட்டைக் கட்டும் தும்பு.

எச்.ஐ.வி. வெளியே கிளம்பும்போது செல்லின் சவ்விலேயே ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டுதான் போகிறது. டெதரின் 180 அமினோ அமிலம் கொண்ட சின்னப் புரதம், ஆனால் இரண்டு முனையும் சவ்வில் ஊன்றியிருக்கும். ஒன்று சவ்வைத் துளைத்துச் செல்லும் சுருள், இன்னொன்று கொழுப்பாலான நங்கூரம், நடுவில் நீளமான தண்டு, அப்புறம் இப்படி இரண்டு சேர்ந்து கந்தகப் பிணைப்பால் ஜோடியாக நிற்கும். வைரஸ் கிளம்பும்போது ஒரு முனை அதன் போர்வையோடு போய்விடுகிறது, மறுமுனை செல்லிலேயே மாட்டியிருக்கிறது, முளையில் கட்டிய கன்று மாதிரி அது நகர முடியாமல் அங்கேயே நிற்கிறது.

இதில் வடிவம்தான் எல்லாம். 2009-இல் ஆய்வாளர்கள் டெதரினுக்குச் சம்பந்தமே இல்லாத மூன்று புரதங்களிலிருந்து துண்டுகளை எடுத்து அதே அமைப்பில் ஒட்டிப் பார்த்தார்கள். அமினோ அமில வரிசையில் ஒற்றுமை கிடையாது, ஆனாலும் அது வைரஸைப் பிடித்து நிறுத்தியது! இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

முப்பது வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்தியவள் நான். 'கொல்கிறது' என்று படித்தால், அப்படியானால் எச்.ஐ.வி. ஏன் இன்னும் பரவுகிறது என்று கேட்பார்கள், நியாயமான கேள்விதான். டெதரின் பிடிப்பது சவ்வை, வைரஸின் புரதத்தை அல்ல, அதனால் வைரஸ் தன் புரதத்தை மாற்றிக்கொண்டு நழுவ முடியாது, தும்பையே அறுத்தாக வேண்டும். அந்த வேலையைச் செய்வது விபியு என்ற அதன் குட்டிப் புரதம். டெதரினின் சவ்வுச் சுருளைப் பிடித்து, செல்லின் மேற்பரப்பிலிருந்தே அகற்றிவிடுகிறது. 2008-இல் இந்த விபியு என்ன செய்கிறது என்று தேடிப் போனதில்தான் டெதரினின் வேலையே தெரிய வந்தது.

அடுத்த முறை ஒரு படம் போடுங்கள், சவ்வும் இரண்டு முனையும் தெரிகிற மாதிரி, கால் பக்கம் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
தஞ்சாவூர்