வயரிங் தொழிலாளர் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அண்ணனுக்கும், மூத்த மேஸ்திரிங்களுக்கும், இந்த வருஷம் புதுசா சேர்ந்த தம்பி தங்கச்சிங்களுக்கும் வணக்கம். கூட்டம் எப்பெப்ப நடந்துச்சு, என்ன தீர்மானம் போட்டோம்ங்கிறது மினிட்ஸ் நோட்டுல இருக்கு, வரவு செலவை பொருளாளர் வாசிப்பாரு. நான் இந்த வருஷம் நம்மளை ரொம்ப யோசிக்க வச்ச ஒரு விஷயத்தைப் பத்தித்தான் எழுதுறேன், அது கோட் புக், அதான் வயரிங்கை எப்படிச் செய்யணும்னு விதி சொல்ற புத்தகம்.

ஆரம்பிச்சது ஒரு போன்ல. அமெரிக்காவுல வேலை பாக்குற நம்ம உறுப்பினர் ஒருத்தர், "அண்ணே, நான் 2023 எடிஷன் வாங்கி வரி வரியா படிச்சு வேலை செஞ்சேன், இன்ஸ்பெக்டர் வந்து இங்க 2017தான் நடைமுறைன்னு சொல்றாரு, எது சரி"ன்னு கேட்டாரு. ரெண்டும் சரிதான், ஆனா சட்டம் இன்ஸ்பெக்டர் சொன்ன புக். அங்க தேசிய மின் கோடுன்னு ஒண்ணு 1897ல இருந்து வருது, இப்ப மூணு வருஷத்துக்கு ஒரு எடிஷன், வெளியிடுறது என்எஃப்பிஏங்கிற தனியார் அமைப்பு, அரசாங்கம் இல்ல. மாநிலமோ நகரமோ "இந்த வருஷ எடிஷனை ஏத்துக்கிறோம்"னு சட்டம் போட்டாத்தான் அதுக்கு உயிர், அதுலயும் வேண்டாததை எடுத்துட்டு வேணுங்கிறதை சேத்துக்குவாங்க. கலிஃபோர்னியா 2020 எடிஷனை எடுத்து தன்னோட திருத்தத்தைப் போட்டு 2023 ஜனவரி 1ல இருந்துதான் அமலாக்குச்சு, அந்த நேரம் 2023 எடிஷன் கடைக்கே வந்தாச்சு. நியூயார்க் நகரம் 2011ல இருந்து பத்து வருஷத்துக்கு மேல 2008 எடிஷனை வச்சே ஓட்டுச்சு. சிகாகோவுல வீட்டு வயரிங்கே இரும்பு கண்டியூட்ல, அதான் குழாய்க்குள்ளதான் இழுக்கணும், பக்கத்து மாநிலத்துல அதே வீட்டுக்கு பிளாஸ்டிக் உறை போட்ட கேபிள் போதும்.

ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் ஒரே வயரிங் ஸ்டாண்டர்டை சேந்து எழுதுறாங்க, ஏஎஸ் என்இசட்எஸ் 3000. அதுக்கு 2018ல புது எடிஷன் வந்த பிறகும் நியூசிலாந்து சட்டத்துல பல வருஷம் 2007 எடிஷன் பேருதான் இருந்துச்சு. சேந்து எழுதின புக்குக்கே இந்த நெலமை.

இந்தியாவுல வேற மாதிரி. தேசிய மின் கோடு 1985ல வந்து, 2011லயும் 2023லயும் திருத்தினாங்க, ஆனா அது வழிகாட்டி, சட்டமா கட்டுப்படுத்துறது மத்திய மின்சார ஆணையத்தோட பாதுகாப்பு விதிகள், அது 2010ல வந்ததை மாத்தி 2023ல புதுசா போட்டாங்க. ரெண்டையும் ஒண்ணா நெனைச்சுக் குழப்பிக்காதீங்க.

சங்க வகுப்புல எல்லாரும் அசந்து போனது பிரிட்டன் வயர் கலரை மாத்தினதைப் பாத்துத்தான். மேஜை மேல ரெண்டு கேபிளை உறிச்சு வச்சோம். பழைய த்ரீ ஃபேஸ்ல சிவப்பு, மஞ்சள், நீலம் ஃபேஸ், அதான் கரண்ட் வர்ற வயர், கருப்பு நியூட்ரல், அதான் கரண்ட் திரும்பிப் போற வயர். புதுசுல பிரவுன், கருப்பு, சாம்பல் ஃபேஸ், நீலம் நியூட்ரல். அதாவது நேத்து வரைக்கும் நியூட்ரலா இருந்த கருப்புல இன்னைக்கு கரண்ட் இருக்கும், ஃபேஸா இருந்த நீலம் நியூட்ரல் ஆயிடுச்சு. 2004ல இருந்து 2006 மார்ச் வரைக்கும் எது வேணா போடலாம்னு ரெண்டு வருஷம் அவகாசம் குடுத்தாங்க, பழசும் புதுசும் சேர்ற டிபியில, அதான் கரண்ட் பிரிச்சு விடுற பெட்டியில, எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டணும்னாங்க. பழைய வீட்டை யாரும் உடைச்சு மாத்தச் சொல்லல, அதனால அந்த கலப்பு இன்னும் பல சுவத்துக்குள்ள இருக்கு. டெஸ்டர் வைக்காம கலரை நம்பி கை வைக்கக் கூடாதுன்னு தம்பிங்களுக்கு நான் ஆயிரம் தடவை சொன்னது அந்த ரெண்டு கேபிளைப் பாத்த அப்புறம்தான் மண்டையில ஏறுச்சு.

புது எடிஷனை சீக்கிரமா ஏத்துக்கிறதுதான் நல்லதா, பொறுத்து ஏத்துக்கிறதான்னு ரெண்டு கூட்டம் விவாதம் போச்சு. அமெரிக்காவுல 2020 எடிஷன்ல வீட்டுக்கு வெளிய இருக்கிற ஏசி யூனிட்டுக்கும் ஜிஎஃப்சிஐ, அதான் எர்த் லீக்கேஜ் வந்தா டிரிப் ஆகுற பாதுகாப்பு, வேணும்னு போட்டாங்க, பல இடத்துல காரணமே இல்லாம டிரிப் ஆகி ஏசி நின்னுச்சு, சில மாநிலங்கள் அந்த விதியை மட்டும் தள்ளி வச்சாங்க. தள்ளி வச்சது தப்பில்லன்னுதான் எனக்குப் படுது, பொருளும் விதியும் ஒத்துப் போகணும்ல. ஆனா அதையே சாக்கா வச்சு குளியலறை, சமையலறை பாதுகாப்பையும் வருஷக்கணக்குல தள்ளினா ஒத்துக்கவே முடியாது, ஈரக்கையோட பிளக்கைத் தொடுற இடம் அது. இன்னொண்ணு, அந்தக் கோடுக்கு திருத்தம் சொல்ல பெரிய இன்ஜினியரா இருக்கணும்னு அவசியமில்ல, யார் வேணா காரணத்தோட எழுதி அனுப்பலாம், குழு அதைப் படிச்சு பதில் போட்டே ஆகணும். சைட்ல கைப்பட வேலை செய்றவங்க நாமதான் நெறைய எழுதணும்.

இந்த வருஷம் போட்ட முக்கியமான தீர்மானம்: வேலை முடிச்சதும் டிபி கதவோட உள்பக்கம் எந்த எடிஷன், எந்தத் திருத்தம் வரைக்கும், பெர்மிட் வாங்கின தேதி எதுன்னு எழுதி ஒட்டணும். பெரும்பாலும் அந்த பெர்மிட் தேதியை வச்சுத்தான் எந்த புக் பொருந்தும்னு பாப்பாங்க. ஸ்டிக்கரோட மாதிரி தயாரா இருக்கு, கூட்டம் முடிஞ்சதும் என்கிட்ட வாங்கிக்கோங்க. புது எடிஷன் வந்துடுச்சேன்னு பழைய கோட் புக்கை யாரும் எடைக்குப் போட்டுடாதீங்க, சங்க அலமாரியில குடுங்க, இருபது வருஷத்துக்கு முந்தின வீட்டைத் திறக்குறப்ப அப்ப என்ன விதி இருந்துச்சுன்னு பாக்க அதுதான் வேணும்.