தலை வெட்டுக்கட்டையில் இருக்கும்போது ‘டைம் முடிஞ்சிடுச்சு’ என்றால் எப்படி?

சேலத்தில் வி.ஆர். கேம் சென்டர் (ஹெட்செட்டைத் தலையில் மாட்டி, விளையாட்டுக்குள்ளேயே இருப்பதுபோல் ஆடும் இடம்) நடத்தும் அண்ணன்மாருக்கு, வணக்கம்.

போன மாதம் அக்கா மகனோடு ஐந்து ரோடு பக்கம் ஒரு சென்டருக்கு வந்தேன். பெயர் வேண்டாம், அந்தக் கடைக்காரருக்கே தெரியும். பட்டியலில் ஸ்கைரிம் என்ற வீடியோ கேம் இருந்தது. 2011-இல் வந்தபோது கம்ப்யூட்டரில் ராத்தூக்கம் கெட்டு ஆடியவன் நான். 2017-இல் அது வி.ஆரிலும் வந்துவிட்டது, ஆனால் தலையில் மாட்டிப் பார்த்ததில்லை. 15 நிமிஷ டிக்கெட் வாங்கினேன்.

கையைக் கட்டிக் குதிரை வண்டியில் ஏற்றி, தலையை வெட்டக் கொண்டுபோவதில்தான் அந்தக் கதை தொடங்கும். திரையில் அது வெறும் முன்கதை. ஹெட்செட்டிலோ, எதிரே இருப்பவன் முழங்கால் என் முழங்காலில் இடிக்கும் போலிருந்தது. காலை ஒடுக்கிக்கொண்டேன்! அப்புறம் இனம், முகம், மூக்கு எல்லாம் தேர்ந்தெடுத்து, கட்டையில் தலையை வைத்து, டிராகன் இறங்கும் நேரம் தோளில் ஒரு கை. “சார், டைம் முடிஞ்சிடுச்சு.”

ரோலர் கோஸ்டருக்கு 15 நிமிஷம் சரி. இது ஆர்.பி.ஜி., அதாவது ஒரு கதாபாத்திரமாகவே மாறி மணிக்கணக்கில் ஆடுவது. தலை வெட்டும் ஊரான ஹெல்கனிலிருந்து தப்பி, குகையை விட்டு வெளியே வரும் இடத்தில் ஒரு ‘சேவ்’ (ஆட்டம் அதுவரை வந்த பதிவு) போட்டு வையுங்கள், புதிதாக வருபவர் அங்கிருந்து தொடங்கட்டும். திரும்பி வருபவருக்குத் தனி சேவ் கொடுங்கள்.

அடுத்து பையன் ஆடினான். ஐந்தே நிமிஷத்தில் என் செருப்பில் வாந்தி. கடைத் தம்பி, “பழகிடும் சார்” என்றார். ஏற்காட்டுக்கு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே 20 கொண்டை ஊசி வளைவு ஏறும் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். பஸ்ஸுக்குள் குனிந்து செல்போன் பார்த்தால், உடம்பு திரும்புவது காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்புக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. வி.ஆரில் தலைகீழ். கண் ஓடுகிறது, காது நிற்கிறது; இந்த முரண்தான் குமட்டுகிறது. அதற்குத்தான் செட்டிங்ஸில் வழி வைத்திருக்கிறார்கள். கையில் இருக்கும் கன்ட்ரோலரின் குச்சியைத் தள்ளி நடப்பதை நிறுத்திவிட்டு, காட்டிய இடத்துக்குத் தாவுவதைப் போடலாம். நகரும்போது பார்வையின் ஓரம் இருட்டாகட்டும், திரும்புவது வெட்டி வெட்டித் திரும்பட்டும். புதியவருக்கு இந்த மூன்றையும் போட்டுவிட்டு ஹெட்செட்டைக் கொடுங்கள். முகம் படும் பஞ்சைத் துடைத்துக் கொடுத்தால் இன்னும் புண்ணியம்.

இரண்டாம் முறை ஒரு மணி நேரத்துக்குப் பணம் கட்டி, செட்டிங்ஸை நானே மாற்றினேன். வில் இருக்கிறதே, அதற்காகவே ஆடலாம். இடது கையில் வில், வலது கையால் நாணைக் காதுவரை இழுக்க வேண்டும். முதல் நாலு அம்பு எங்கே போனதென்றே தெரியவில்லை. ஐந்தாவது ஓநாய் மேல் பட்டதும் சத்தமாகவே கத்திவிட்டேன். ஆட்டத்தில் பொருள் வைக்கும் பையைத் திறந்தால் மட்டும் கம்ப்யூட்டரில் பார்த்த பழைய பட்டியல் அப்படியே கண்முன் தொங்குகிறது. அது இந்த கேமைச் செய்த பெதஸ்டா கம்பெனியிடம் சொல்ல வேண்டியது, உங்களிடம் அல்ல.

பையனும் அன்று அரை மணி நேரம் ஆடினான், வாந்தி இல்லை. அடுத்த சனிக்கிழமை வருகிறோம். அவன் கேரக்டருக்கு நம்ம சேலத்து ஊர்ப்பெயரையே, ‘கன்னங்குறிச்சி’ என்று வைத்திருக்கிறான். தயவுசெய்து அந்த ‘சேவ்’-ஐ அழித்துவிடாதீர்கள்.