நீலம் இல்லாத ஓவியர்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் (1860–1920) பற்றிய ஞாயிறு கட்டுரை படித்தேன். அமெரிக்க அதிபர்கள் கிளீவ்லண்டையும் டாஃப்டையும் வரைந்தவர் என்பதிலேயே பாதிக் கட்டுரை போய்விட்டது. சரி, அதுவும் பெருமைதான். ஆனால் அவர் வண்ணம் குழைத்த விதத்தைச் சொல்லாமல் விட்டது எனக்கு வருத்தம். வெள்ளை, மஞ்சள் காவி, சிவப்பு, கறுப்பு: பல உருவப்படங்களுக்கு இந்த நான்கே அவருக்குப் போதுமாக இருந்தன. கறுப்பில் வெள்ளையைக் கலந்து, தோலின் செம்மைக்குப் பக்கத்தில் வைத்தால் கண் அதை நீலமாகவே பார்க்கும். வகுப்பில் செய்து காட்டினாலும் மாணவர்கள் சட்டென்று நம்புவதில்லை.

1894இல் வெனிஸில் வரைந்த, அமெரிக்கக் கலைச் சேகரிப்பாளர் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னரின் படத்தைப் பாருங்கள். பால்கனியிலிருந்து உள்ளே வரும் அந்த அம்மாள், இரு கைகளாலும் கதவுகளைத் தள்ளியபடி நிற்கிறார். பின்னால் இரவு. நாற்காலியில் உட்காரவைத்து வரைந்திருந்தால் இந்த உயிர் வந்திருக்குமா?

அப்புறம், தந்தையைப் பார்க்காமலே ஸ்வீடனின் மோரா என்ற ஊரில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர் அவர். புகழ் வந்தபின் அந்த ஊருக்கே குடிவந்தார். இதற்கும் இரண்டு வரி ஒதுக்கியிருக்கலாம்.

இனி அவர் படங்களைக் கறுப்பு வெள்ளையில் அச்சிடாதீர்கள், வண்ணத்திலேயே வெளியிடுங்கள்.

– ஓவிய ஆசிரியை, கும்பகோணம்