விற்பனைச் சீட்டில் பயோஸ் பதிப்பையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பம்பலப்பிட்டியில் உதிரிப்பாகங்களை வாங்கி என் மகன் பொருத்திய கணினியில் விசிறிகள் சுழன்றன. திரையில் மட்டும் எதுவும் தோன்றவில்லை. விற்ற கடையோ, பாகங்கள் எல்லாவற்றையும் இணைக்கும் மதர்போர்டைச் சோதித்துக்கூடப் பாராமல், பொருத்தியவர் பழுதாக்கிவிட்டார் என்று உத்தரவாதத்தை மறுத்துவிட்டது.

உண்மையில் அதில் பழுதே இல்லை. 2018இல் வெளிவந்த பி450 வகை மதர்போர்டுகள், 2020இன் இறுதியில் வந்த ரைசன் 5000 வரிசைப் புராசசர்களை, கணினியைத் தொடக்கிவைக்க மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் பயோஸ் மென்பொருளைப் புதுப்பித்த பின்னரே அடையாளம் காணும். நல்லவேளையாக, எங்களுடைய போர்டின் பின்புறத்தில், புராசசரின் உதவியின்றியே பயோஸைப் புதுப்பிக்கும் பயோஸ் பிளாஷ்பேக் பொத்தான் இருந்தது. உற்பத்தியாளரின் தளத்திலிருந்து இறக்கிய கோப்பை, அவர்கள் குறிப்பிட்ட பெயரிலேயே பென்டிரைவில் இட்டு, உரிய யூஎஸ்பி துளையில் செருகி அப்பொத்தானை அழுத்தியதும், விளக்கு சிமிட்டி ஓய்ந்தது, கணினி இயங்கியது. அந்தப் பொத்தான் இல்லாத போர்டை வாங்கியவர், கணினியை இயக்கி பயோஸைப் புதுப்பிக்க, பழைய புராசசர் ஒன்றை இரவல் கேட்டு அலையவேண்டியதுதான்.

புராசசருக்கான தனி மின்இணைப்பைச் செருக மறப்பதும், உள்ளக கிராபிக்ஸ் (திரைக்குக் காட்சியை அனுப்பும் வசதி) இல்லாத புராசசரை வைத்துக்கொண்டு மொனிட்டர் கேபிளை, கிராபிக்ஸ் அட்டையில் அன்றி மதர்போர்டில் மாட்டுவதும் வாங்குபவரின் கவனக்குறைவே. அவற்றுக்குக் கடைக்காரரை நோவதில் நியாயமில்லை. ஆனால் பெட்டிக்குள் இருக்கும் பயோஸ் பதிப்பு எதுவென்பதை வாங்குபவர் எவ்வாறு அறிவார்? புராசசரும் போர்டும் ஒரே கடையில் விற்கப்படும்போது, அவை பொருந்துமா என்பதைச் சோதித்து, பதிப்பைச் சீட்டில் எழுதித்தருமாறு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை விற்பனையாளர்களைப் பணிக்கவேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.