சட்டம் படிக்கும் தம்பிக்கு

அன்புத் தம்பி,

“சட்டம் எல்லாருக்கும் ஒரே வாய்ப்பைக் கொடுத்துவிட்டது அக்கா, அப்புறமும் ஒருவர் படிப்பில் பின்தங்கினால் அது அவரவர் பாடு” என்றாய். அன்றைக்கு எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. உன்மேல் கோபமும் இல்லை. ஆனால் அது மனசைவிட்டுப் போகவில்லை.

உன் பாடத்தில் ரோட்ரிகஸ் வழக்கு வரும். மேலோட்டமாகப் படித்துவிட்டுப் போகாதே. டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் எட்ஜ்வுட் என்றொரு பள்ளி மாவட்டம். பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள், ஏழைகள். பள்ளிக்கான பணத்தில் ஒரு பங்கு உள்ளூர் சொத்து வரியிலிருந்து வரவேண்டும். எட்ஜ்வுட் மக்கள் 100 டாலர் சொத்துக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள். வசதியானவர்கள் வாழ்ந்த அலமோ ஹைட்ஸில் 0.85 டாலர்தான். ஆனால் அந்த வரியில் ஒரு மாணவருக்குக் கிடைத்தது எட்ஜ்வுட்டில் 26 டாலர், அலமோ ஹைட்ஸில் 333. வீடுகளின் மதிப்பு அப்படி. அரசுப் பணம் சேர்ந்த பிறகும் 356, 594 என்றுதான் நின்றது. இதில் யாருடைய உழைப்பு குறைந்தது, சொல். கூடுதல் விகிதத்தில் வரி கட்டியவர்கள் அவர்கள்தானே!

1968இல் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 1973இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அவர்கள் கோரிக்கையை நிராகரித்தது. கல்வி அந்நாட்டு அரசமைப்பு உறுதி தரும் அடிப்படை உரிமை அல்ல என்றது. அதே நீதிமன்றம், சட்டத்தின் பாதுகாப்பு எல்லாருக்கும் சமம் என்கிற அதே அரசமைப்பு வாசகத்தை வைத்துத்தான், 1954இல் நிறத்தைக் காட்டிப் பள்ளிகளைப் பிரித்தது செல்லாது என்று சொல்லியிருந்தது. வாசலில் நின்று ஒருவர் மறித்தால் சட்டத்துக்குத் தெரிந்தது. யாரும் மறிக்காமலே ஒரு பிள்ளை உள்ளே வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தபோது தெரியவில்லை.

நம் நாட்டில் நிலைமை வேறு. 2002இல் நம் அரசமைப்பில் 21ஏ பிரிவைச் சேர்த்தார்கள், 2010இல் அது நடைமுறைக்கு வந்து கல்வி அடிப்படை உரிமை ஆனது. ஆனால் ஆறு வயதிலிருந்து பதினான்கு வரைக்கும்தான். மூன்று வயதிலேயே கதைப்புத்தகம் புரட்டிய குழந்தையும், ஆறு வயதில் முதன்முதலாகப் புத்தகத்தைத் தொடும் குழந்தையும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். சட்டத்தின் கணக்கில் அந்த நாள்தான் தொடக்கம்.

சரி, அப்படியானால் சட்டத்தால் பயனே இல்லையா? அப்படிச் சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. டெக்சாஸ் மாநில அரசமைப்பில் பொதுப்பள்ளிகளைப் பற்றி ஒரு வாசகம் இருந்தது. எட்ஜ்வுட் அந்த வாசகத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடி வழக்காடியது. 1989இல் மாநில உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் அந்த நிதி முறை செல்லாது என்றார்கள். அந்த ஒரு வாசகம் இல்லையென்றால் எதைக் காட்டிக் கேட்டிருப்பார்கள்?

அந்தத் தீர்ப்பைப் படிக்கும்போது ஆண்டையும் பார். 1968இல் ஆறு வயதாக இருந்த பிள்ளைக்கு அப்போது 27 வயது.

அன்புடன்,
அக்கா