வாசகர் வட்டம்: 2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, அன்பு உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தபடி, இந்த ஆண்டு முழுவதையும் ஒரே நாவலுக்குக் கொடுத்தோம். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் 1775 டிசம்பர் 16 அன்று பிறந்தவர். இது அவருக்கு 250ஆவது ஆண்டு. அவருடைய ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலை பி.பி.சி. ஆறு பாகத் தொடராக ஒளிபரப்பியும் 30 ஆண்டுகள் ஆகின்றன. ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் வரை 61 அத்தியாயங்களையும் படித்து முடித்தோம். செப்டம்பர் கடைசி ஞாயிறு தொடங்கி, ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில் தொடரைப் பார்த்தோம்.

ஒரே நாளில் ஆறையும் பார்த்துவிடலாமே என்று சிலர் கேட்டார்கள். 1995இல் செப்டம்பர் 24 முதல் அக்டோபர் 29 வரை வாரத்துக்கு ஒன்றாகத்தான் வந்தது, அந்தக் காத்திருப்பும் சேர்ந்ததுதான் தொடர் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். மூன்றாம் பாகம், பணக்கார நாயகன் டார்சி நாயகி எலிசபெத் பென்னட்டிடம் தன் காதலைச் சொல்லும் இடத்தில் வந்து நின்றபோது, அரங்கில் எழுந்த கூச்சலை இப்போதும் மறக்க முடியவில்லை. கதை தெரிந்தவர்கள்தான் அதிகம் கத்தினார்கள்.

இனி, நிகழ்ச்சிகளைவிட அவற்றில் நடந்த பேச்சுக்கே இந்த அறிக்கையில் கூடுதல் இடம் கொடுக்கிறேன். உறுப்பினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தொடரை நான் பயத்தோடுதான் அணுகினேன். இந்த நாவலில் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் கதை சொல்லும் அந்தக் குரல். அதைத் திரையில் எங்கே வைப்பார்கள்? திரைக்கதை எழுதிய ஆண்ட்ரூ டேவிஸ் அதை எலிசபெத்திடம் கொடுத்துவிட்டார். பணக்காரப் பிரம்மச்சாரிக்கு மனைவி தேவை என்பது உலகம் ஒப்புக்கொண்ட உண்மை என்ற அந்தப் புகழ்பெற்ற முதல் வரி, தொடரில் எலிசபெத் குடும்பத்தோடு நடந்து போகும்போது சிரித்துக்கொண்டே சொல்வதாக வருகிறது. எலிசபெத்தாக நடித்த ஜெனிஃபர் எஹ்லியின் கண்ணில் அந்தக் குரலின் குறும்பு அப்படியே இருந்தது. முதல் பத்து நிமிடத்திலேயே எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

மிச்சப் பாதி, டார்சியைப் பற்றியது. நாவல் பெரும்பாலும் எலிசபெத்தின் பக்கத்தில்தான் நிற்கிறது. டார்சி கதவைச் சாத்திக்கொண்டு போனால், அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று அவளுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. தொடரோ அந்தக் கதவைத் திறந்துகொண்டு கூடவே போகிறது. டார்சியாக நடித்த காலின் ஃபிர்த் குளிக்கிறார், வாள் பயிற்சி செய்கிறார், லண்டன் தெருக்களில் எலிசபெத்தின் தங்கை லிடியாவையும் அவளோடு ஓடிப்போன விக்கமையும் தேடி அலைகிறார். அப்புறம், எல்லோரும் பேசும் அந்தக் குளத்துக் காட்சி. நாவலில் குளியலும் கிடையாது, நீச்சலும் கிடையாது. டார்சியின் பெம்பர்லி மாளிகையைப் பார்க்க வந்த எலிசபெத் திரும்பிப் பார்க்கிறாள், இருபது கஜத்துக்குள் டார்சி வந்து நிற்கிறார், இருவர் முகமும் சிவந்துபோகிறது. அவ்வளவுதான். குளத்துக் காட்சியால், தொடரில் பெம்பர்லியாகக் காட்டப்பட்ட லைம் பார்க் மாளிகைக்கே தனிப் புகழ் வந்தது. 2013இல் லண்டன் ஹைட் பார்க்கில், செர்பன்டைன் ஏரித் தண்ணீருக்குள் நிற்கும் டார்சிக்குச் சிலையே வைத்தார்கள். எங்கள் விவாதத்தில் பாதிப் பேர் அந்தக் காட்சியின் பக்கம் நின்றார்கள். எனக்கும் அதன் மேல் கோபம் இல்லை. நான் வருத்தப்பட்டது லண்டன் காட்சிகளுக்காக. நாவலில் லிடியா வாய் தவறி உளறுகிறாள், எலிசபெத் பதறிப்போய் மாமிக்கு எழுதிக் கேட்கிறாள், பதில் வந்த பிறகுதான் லிடியாவின் திருமணத்தை முடித்துவைக்க டார்சி செய்த உதவி அவளுக்குத் தெரிகிறது. அவளோடு சேர்ந்து நாமும் திகைக்கிறோம். தொடரில் நமக்கு அது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. அவள் திகைப்பதை நாம் வெளியே நின்று பார்க்கிறோம். அந்தத் திகைப்பை இழந்தது பெரிய இழப்பு என்று அன்றும் சொன்னேன், இன்றும் பதிவு செய்கிறேன்.

ஜூன் மாதக் கூட்டம்தான் இந்த ஆண்டின் உச்சம். ஆங்கிலத்தில் படிக்கச் சிரமப்பட்ட உறுப்பினர்களுக்காக, டார்சி எலிசபெத்துக்கு எழுதும் கடிதத்தை மூன்று பேர் சேர்ந்து தமிழில் பெயர்த்து வாசித்தோம். முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டோம். டார்சி அவளை ‘நீ’ என்பாரா, ‘நீங்கள்’ என்பாரா? ஆங்கிலத்துக்கு அந்தக் கவலையே இல்லை. முந்தின நாள் மாலைதான் ‘உங்களை நான் எவ்வளவு தீவிரமாக நேசிக்கிறேன்’ என்று சொல்லி, முகத்தில் அடித்தாற்போல் மறுப்பு வாங்கிக்கொண்டு போனவர் அவர். அடிபட்ட மனிதர் ‘நீ’க்கு இறங்கிவிடுவார் என்றார் ஒருவர். அடிபட்டதால்தான் மரியாதை இன்னும் கூடும் என்றார் இன்னொருவர். கடைசியில் ‘நீங்கள்’ வென்றது. நிச்சயதார்த்தம் முடிந்த பிறகும் எலிசபெத் அவரை மிஸ்டர் டார்சி என்றுதானே சொல்கிறாள்! திருமணமாகி 23 ஆண்டுகள் ஆன பிறகும் எலிசபெத்தின் அம்மா திருமதி பென்னட் கணவரை ‘மிஸ்டர் பென்னட்’ என்றே கூப்பிடுகிறார். இதைத் தமிழில் ‘என்னங்க’ என்று வைக்கலாம் என்று ஓர் அம்மையார் சொன்னதும் கூட்டமே கைதட்டியது. அதற்குப் பிறகு அந்த வீடு எங்களுக்கு வெகு பக்கத்தில் வந்துவிட்டது.

அந்தக் கடிதம் இரண்டு தாள் முழுக்க, நெருக்கமான கையெழுத்தில். மேலுறையாகச் சுற்றிய தாளிலும் எழுத்து. காலை எட்டு மணி என்று குறித்திருக்கிறார் டார்சி. தன் மேல் விக்கம் சொன்ன பழிக்கு அதில் பதில் சொல்கிறார். எலிசபெத் அதைப் பரபரவென்று படிக்கிறாள், பொய் என்கிறாள், இனிப் பார்க்கவே மாட்டேன் என்று மடித்து வைக்கிறாள். அரை நிமிடம்கூடத் தாங்கவில்லை. திரும்பப் பிரிக்கிறாள். ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி நிறுத்திப் படிக்கிறாள். விக்கம் முதல் பேச்சிலேயே, முன்பின் தெரியாத தன்னிடம் அத்தனை சொந்தக் கதையையும் ஏன் கொட்டினான் என்று அப்போதுதான் யோசிக்கிறாள். அந்தப் பாதையில் இரண்டு மணி நேரம் நடக்கிறாள். நாவலில் நடக்கும் மிகப் பெரிய சம்பவம் இதுதான். ஒரு பெண் தனியாக நின்று, தான் நினைத்தது தவறு என்று தானே கண்டுபிடிப்பது. தொடரில் இது டார்சியின் இரவாகத் தொடங்குகிறது. அவர் எழுதுகிறார், முகத்தில் தண்ணீர் அடித்துக்கொள்கிறார், அவர் குரலிலேயே பழைய கதை காட்சியாக ஓடுகிறது. நன்றாகவே எடுத்திருக்கிறார்கள். ஆனாலும் எழுதுகிறவரின் வேதனை, படிக்கிறவளின் விழிப்பை ஓரம் தள்ளிவிட்டது.

திருமதி பென்னட்டாக நடித்த அலிசன் ஸ்டெட்மன் மிகையாகக் கத்துகிறார் என்று முதல் வாரம் பலரும் குறைப்பட்டார்கள், நானும்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். குடும்பத்துக்கு ஆண்டு வருமானம் 2,000 பவுண்ட். அந்த நிலம் ஆண் வாரிசுக்கு மட்டுமே போகும், எனவே அப்பா கண்ணை மூடினால் உறவினர் காலின்ஸுக்கு. எலிசபெத்துக்கு வரப்போவது 1,000 பவுண்ட், நான்கு சதவீத வட்டியில். அதுவும் அம்மா காலமான பிறகு. அதாவது ஆண்டுக்கு 40 பவுண்ட். பெண் கேட்டு வந்த காலின்ஸே இதை அவள் முகத்துக்கு நேராகச் சொல்லிக்காட்டுகிறார். டார்சியின் ஆண்டு வருமானமோ 10,000 பவுண்ட். ஐந்து பெண்களை வைத்துக்கொண்டு, அந்த வீட்டில் இதற்காகப் பதறும் ஒரே ஆள் அந்த அம்மாள்தான். கணவர் புத்தக அறையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார். நான்காம் வாரத்துக்குள் என் மனம் மாறிவிட்டது.

எலிசபெத்தின் தோழி சார்லட்டையும் இங்கே சொல்ல வேண்டும். 27 வயதில், வசதியான ஒரு வீடு போதும் என்று காலின்ஸைக் கட்டிக்கொள்கிறாள். அவள் வீட்டில், பெண்கள் புழங்குவதற்குப் பின்பக்கத்து அறையைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். முன்பக்கம் இருக்கும் நல்ல அறையை ஏன் விட்டுவிட்டாள் என்று எலிசபெத் முதலில் வியக்கிறாள், பிறகு புரிந்துகொள்கிறாள்: அறை நன்றாக இருந்தால் கணவரும் அங்கேயே வந்து உட்கார்ந்துவிடுவார். இந்த ஒரு பத்தியைப் பற்றி மட்டும் எங்கள் பெண் உறுப்பினர்கள் முக்கால் மணி நேரம் பேசினார்கள். நான் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சரி, தொடர் நாவலை விஞ்சிய இடம் எதுவுமே இல்லையா? இருக்கிறது. பெம்பர்லியில் ஒரு மாலை. டார்சியின் தங்கை ஜார்ஜியானா பியானோ வாசிக்கிறாள். டார்சி மேல் கண் வைத்திருக்கும் கேரலைன் பிங்லி, முன்பு ஜார்ஜியானாவை ஏமாற்றி அழைத்துப்போகப் பார்த்த விக்கமின் பேச்சை வேண்டுமென்றே எடுக்கிறாள். பெண்ணின் விரல்கள் தடுமாறுகின்றன. எலிசபெத் சட்டென்று அவள் பக்கத்தில் போய், இசைத்தாளைப் புரட்ட யாருமில்லாமல் விட்டுவிட்டேனே என்று சொல்லி நின்றுகொள்கிறாள். வாசிப்பு தொடர்கிறது. அறையின் அந்தக் கோடியிலிருந்து டார்சி பார்க்கிறார், எலிசபெத்தும் பார்க்கிறாள். வசனம் கிடையாது. நாவலில் இது பகல் நேரத்து விருந்தினர் சந்திப்பில் நடக்கிறது, பியானோ கிடையாது. எலிசபெத் அமைதியாகப் பதில் சொல்லிச் சமாளிக்கிறாள். தொடர் அதை மாலைக்கு மாற்றி, ஒரு தாள் புரட்டுவதில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. அதுவரை அவள் பக்கமா, அவர் பக்கமா என்று இழுபட்ட கேமரா, அந்த ஒரு பார்வையில் இருவருக்கும் நடுவில் வந்து நிற்கிறது. இதற்காக லண்டன் காட்சிகளை மன்னித்துவிட்டேன். ஆறாம் பாகம் முடிந்து விளக்கைப் போட்ட பிறகு, எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவர் அந்தப் பியானோக் காட்சியை மட்டும் இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டோம். யாரும் எழுந்து போகவில்லை.

மற்ற விவரங்கள் சுருக்கமாக. வரவு செலவைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார். நாற்காலி போடுவதிலிருந்து கணினியை இணைப்பதுவரை பார்த்துக்கொண்ட இளைய உறுப்பினர்களுக்கு மனமார்ந்த நன்றி. கடிதத்தின் தமிழ் வடிவம் தட்டச்சாகி வட்டத்தின் கோப்பில் இருக்கிறது. வேண்டுவோர் என்னிடம் பெற்றுக்கொள்ளலாம்.

வரும் ஆண்டுக்கு ஜார்ஜ் எலியட்டின் ‘மிடில்மார்ச்’ நாவலைப் படித்து, 1994இல் பி.பி.சி. எடுத்த தொடரைப் பார்க்கலாம் என்று முன்மொழிகிறேன். அதற்கும் திரைக்கதை டேவிஸ்தான். நாவல் பெரியது, எனவே ஜனவரி முதல் வாரமே தொடங்கிவிட வேண்டும். இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
செயலாளர்